மீந்த சோறு

நவம்பர் 28, புதன்

இந்த டைரி எனக்கென்று வந்ததல்ல. நிவாரணக் குழுவோடு வந்த மனநல ஆலோசனைப் பெண் என் வீட்டுக்காரருக்குக் கொடுத்தது. "ஐயா, மனசுல இருக்கிறத தெனமும் நாலு வரி எழுதுங்க, பாரம் கொறையும்" என்றாள். இவர் கை நீட்டவும் இல்லை, வேண்டாம் என்று சொல்லவும் இல்லை. அவள் கட்டில் ஓரத்தில் வைத்துவிட்டுப் போனாள். கீழே விழுந்து மூன்று நாள் அங்கேயே கிடந்தது. போன வருடத்து டைரி, ஏதோ உரக் கம்பெனிப் பெயர் போட்டது. அச்சடித்த கிழமை எதுவும் பொருந்தாது. ஆனால் தாள் நல்ல தாள். வீணாக்குவானேன் என்று எடுத்துக்கொண்டேன்.

முதல் பக்கத்தில் விவரம் கேட்டிருக்கிறார்கள். பெயர்: தையல்நாயகி. வயது: ஐம்பத்து மூன்று. தொழில்: சத்துணவு அமைப்பாளர், கீழமுனைப் பள்ளிக்கூடம். இரத்த வகை: தெரியாது. அவசரத்துக்கு அழைக்க வேண்டியவர்: தம்பி சிங்காரவேலு, மணல்முனைக் கடலோர வனப்பூங்காவில் தற்காலிகக் காவலர். அந்த இடத்தில் வீட்டுக்காரர் பெயரைத்தான் எழுத வேண்டும். ஆனால் அவசரம் என்றால் எழுந்து வருகிற நிலையில் அவர் இல்லை.

புயலில் எங்கள் தோப்புத் தென்னை நூற்றுப் பன்னிரண்டும் சாய்ந்துவிட்டது. அன்றைக்குப் படுத்தவர்தான். தோப்புப் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுக்கிறார். தட்டை வைத்தால் வைத்தபடி இருக்கிறது. இரண்டு வாய் கஞ்சி, அதுவும் நான் திட்டினால். புயல் முகாமில் ஒன்பது நாள் அறுநூறு பேருக்கு வடித்துக் கொட்டியவள் நான். என் வீட்டில் ஒரு ஆளைச் சாப்பிட வைக்க முடியவில்லை.

டிசம்பர் 3, திங்கள்

பள்ளிக்கூடம் திறந்தது. பதிவேட்டில் எழுபத்தொரு பிள்ளைகள். வந்தது இருபத்தாறு. மீதிப் பேர் அப்பன் ஆத்தாளோடு திருப்பூருக்கும் உறவுக்காரர் வீடுகளுக்கும் போய்விட்டார்கள். சமையல்காரம்மா தங்கையின் ஊருக்குப் போனவள் இன்னும் திரும்பவில்லை, அதனால் நானே சமைத்தேன். எழுபத்தொருவருக்கு அளந்தே கை பழகிவிட்டது. குறைத்துப் போட வேண்டும் என்று நினைத்துக்கொண்டேதான் அரிசியை அளந்தேன். கை கேட்கவில்லை. பாதி அண்டா மீந்தது.

தம்பி வீட்டில் ஓடு மொத்தமும் பறந்ததால் அவன் பெண்டாட்டி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தாய்வீட்டுக்குப் போய்விட்டாள். அவனுக்கு மத்தியானச் சாப்பாடு நான்தான். தூக்குவாளியில் போட்டுக்கொண்டு பூங்காவுக்கு நடந்தேன். புயலுக்குப் பிறகு இன்றுதான் போகிறேன்.

பார்த்துவிட்டு வாய் விட்டு அழுதேன். எழுத வெட்கமில்லை. வாசலில் இருந்த வரவேற்பு வளைவு நடுவில் ஒடிந்து கிடக்கிறது. பாலை மரங்கள் வேரோடு பிடுங்கிக்கொண்டு ஒன்றன்மேல் ஒன்று விழுந்திருக்கின்றன. நிற்கிற மரத்திலும் பச்சை இல்லை, கடல் காற்றின் உப்பு பட்டு இலை எல்லாம் தீயில் வாட்டியதுபோல் காய்ந்திருக்கிறது. தரையில் புல்லே இல்லை. குட்டைகளில் கடல் தண்ணீர் நிற்கிறது. எந்தப் பக்கம் திரும்பினாலும் செத்த நாற்றம்.

சிங்காரவேலு மரம் அறுக்கிற ஆட்களோடு நின்றான். கன்னம் ஒட்டிப் போயிருக்கிறது. மான் கணக்கு எடுத்திருக்கிறான்.

"முன்னூத்திச் சொச்சம் புள்ளிமான் இருந்துச்சுக்கா. இப்ப கண்ணுல பட்டது நாப்பத்தொண்ணு."

"மீதி?"

"கடல்ல. முள்ளுவேலியில. மரத்துக்கு அடியில. பொதைச்சுப் பொதைச்சுக் கை வலிக்குது."

பிறகு ரேஞ்சர் சொன்னதைச் சொன்னான். இருக்கிற மானை மார்ச் மாதம் வரைக்கும் உயிரோடு காப்பாற்றிக் காட்டினால் நிரந்தர ஆணைக்கு அவனுடைய பெயரைத்தான் முதலில் எழுதுவாராம். பதினான்கு வருடமாகத் தற்காலிகம். சட்டை மட்டும்தான் காக்கி. இதைச் சொன்னபோதுதான் அவன் முகத்தில் கொஞ்சம் ரத்தம் ஓடியது. நாற்பத்தொரு மானில் அவன் பிழைப்பு நிற்கிறது.

டிசம்பர் 4, செவ்வாய்

கொண்டைக்கடலைச் சாதம். இன்றும் கால் அண்டாவுக்கு மேல் மீந்தது. கொட்ட மனம் வரவில்லை. இவருக்குக் கொண்டுபோய் வைத்தேன். "நாயகி, வேண்டாம்னா வேண்டாம்" என்றார். இரண்டு வாரத்தில் அவர் பேசிய நீளமான பேச்சு அதுதான்.

தம்பிக்குச் சாப்பாடு கொடுத்துவிட்டு, பழைய தங்கும் விடுதிக்குப் பின்பக்கமாக வீட்டுக்குக் குறுக்கு வழி நடந்தேன். காய்ந்த புதருக்குள் ஒரு பெண்மான் நின்றது. விலா எலும்பை எண்ணிவிடலாம். என்னைப் பார்த்து ஓடவில்லை. ஓடத் தெம்பில்லை. வாயில் எதையோ மென்றுகொண்டிருந்தது. உற்றுப் பார்த்தால் பிளாஸ்டிக் கயிறு.

மீந்த சோறு ஒரு வாளி நிறைய என் கையில் இருந்தது. மண்ணில் கொட்டுவது பாவம் என்று, விழுந்து கிடந்த தகர அறிவிப்புப் பலகை ஒன்றைத் திருப்பிப் போட்டேன். எழுத்துப் பக்கம் கீழே போயிற்று. அதில் சோற்றைப் பரப்பிவிட்டுத் தள்ளி நின்றேன். முதலில் மோந்தது. பிறகு தின்றது. கொஞ்ச நேரத்தில் இன்னும் நாலு வந்தது.

பலகையை நக்கித் துடைத்துவிட்டன. இத்தனை நாளுக்குப் பிறகு ஒரு ஜீவன் என் கையால் வயிறு நிறையத் தின்றதைப் பார்த்தேன். வீட்டுக்கு வந்து நானும் சாப்பிட்டேன்.

டிசம்பர் 6, வியாழன்

தினமும் போகிறேன். தம்பியிடம் சொல்லவில்லை. அவனுக்கு ஆயிரம் வேலை, இது வேறு எதற்கு.

பக்கத்து வீட்டுப் பொன்னரும்புக்கு எப்படித்தான் மூக்கில் வியர்க்குமோ. ஆடு மேய்க்கிறவள், பூங்கா வேலியோரம்தான் எப்போதும் நிற்பாள். வாளியைப் பார்த்துவிட்டாள்.

"மதினி, மானுக்கா சோறு போடுறீங்க?"

"பசியில கெடக்குதுங்க. பாத்துட்டு வரச் சொல்றியா?"

"பசிதான். ஆனா சோறு ஆகாது மதினி. போன பொங்கலுக்கு என் கிடா ஒண்ணு சோத்துப் பானையில வாய வெச்சுட்டு வயிறு ஊதிச் செத்துச்சு. அசை போடுற எதுக்கும் அரிசி ஆகாது."

"உன் கிடா பானையோட தின்னுருக்கும். அது உன்னாட்டம் பேராசக்காரக் கிடா."

சிரித்தாள். ஆனால் போகும்போது திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள். ஆடு வேறு, மான் வேறு. காட்டில் இருக்கிற ஜீவனுக்குத் தனக்கு எது ஆகும் ஆகாது என்று தெரியாதா? ஆகாது என்றால் தின்னுமா?

டிசம்பர் 11, செவ்வாய்

இப்போது பதினான்கு வருகிறது. நான் விடுதி முனையைத் தாண்டும்போதே புதரிலிருந்து தலைகள் தெரிகின்றன. என் ஊதாச் சேலை தெரியும், நடை தெரியும் அதுகளுக்கு. கொம்பு ஒரு பக்கம் ஒடிந்த ஒரு கலைமான் இருக்கிறது, ரொம்பத்தான் அதிகாரம். மற்றவற்றை முட்டித் தள்ளிவிட்டு முதலில் அதுதான் தின்னும். அதட்டினால் தலையைத் தூக்கி முறைக்கிறது. எங்கள் தலைமையாசிரியர் மாதிரியே.

வீட்டில் இவருக்கு இன்று ஒரு இட்லி இறங்கியது.

டிசம்பர் 14, வெள்ளி

கொம்பு ஒடிந்தது இன்று வரவில்லை.

டிசம்பர் 15, சனி

தம்பி சாப்பிட உட்கார்ந்தவன் பாதியில் கையை உதறினான். கிழக்குக் குட்டை ஓரம் ஒரு கலைமான் செத்துக் கிடந்ததாம். ஒரு பக்கம் கொம்பு இல்லாததாம்.

"நல்லாத் தேறி வந்துச்சுக்கா. வயிறு பெருத்துருந்துச்சு. உப்புத் தண்ணிதான். வேற என்ன?"

"உப்புத் தண்ணிதான்டா" என்றேன்.

அவன் ரேஞ்சரிடம் நல்ல தண்ணீர் லாரி கேட்டுப் பத்து நாள் ஆகிறது. லாரி இன்னும் வரவில்லை. தண்ணீர் வந்தால் எல்லாம் சரியாகிவிடும்.

டிசம்பர் 17, திங்கள்

தண்ணீர் லாரி வந்தது. தம்பி சிமெண்டுத் தொட்டிகளை நிரப்பினான். குழந்தை பிறந்த வீடு மாதிரி முகம் அவனுக்கு. "இனிமே ஒண்ணும் சாவாதுக்கா" என்றான்.

டிசம்பர் 20, வியாழன்

இரண்டு. ஒன்று பெட்டை, ஒன்று குட்டி.

பசியில் நொந்த உடம்பு, தண்ணீர் கிடைத்தாலும் தாங்காது என்று தம்பி சொல்கிறான். இருக்கும். பொன்னரும்பு இன்று என் வாசலில் வந்து நின்றாள், எதுவும் கேட்கவில்லை. நானும் என்ன வேண்டும் என்று கேட்கவில்லை. வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன்.

டிசம்பர் 22, சனி

அரையாண்டு விடுமுறை. பள்ளிக்கூடத்தில் அடுப்பு இல்லை. இன்று போகவில்லை.

டிசம்பர் 23, ஞாயிறு

போனேன். நிவாரண அரிசி நாலு மூட்டை அடுக்களையில் சும்மா கிடக்கிறது. இவர் தின்னாத அரிசி. வடித்து ஆறவைத்துக் கொண்டுபோனேன். நேற்று வராததற்கு அதுகள் என்னைச் சுற்றிச் சுற்றி வந்தன. ஒரு குட்டி சேலை முந்தியைக் கடித்து இழுத்தது. எனக்குச் சிரிப்பாக வந்தது, அழுகையும் வந்தது.

கொஞ்சமாகத்தான் போட்டேன். நான் ஒன்றும் கண் தெரியாதவள் இல்லை.

டிசம்பர் 29, சனி

இந்த வாரம் சாவு இல்லை. பொன்னரும்பு சொன்னதெல்லாம் ஆட்டுக் கதை. நான் இதை எழுதுவது எதற்காக என்றால், யாராவது பின்னால் கேட்டால் சொல்வதற்கு. இந்த வாரம் ஏழு நாளும் போட்டேன், சாவு இல்லை.

ஜனவரி 2, புதன்

பள்ளி திறந்தது. காணும் பொங்கலன்று பூங்காவைப் பொதுமக்களுக்குத் திறக்கப் போகிறார்களாம். மாவட்ட வன அலுவலர் வருகிறார். மேற்குப் பக்கம் இன்னும் இரண்டு செத்துக் கிடந்ததாம், கணக்கு இப்போது முப்பத்தாறு என்றான் தம்பி. "இதுக்கு மேல ஒண்ணும் போகாம இருந்தாப் போதும்கா. அவரு முன்னாடி ரேஞ்சர் என் பேரச் சொல்றேன்னுருக்காரு." பொங்கலுக்கு முன் பிள்ளைகளைக் கூட்டி வர வேண்டும் என்று வீட்டுக்குத் தார்ப்பாய் கட்டிக்கொண்டிருக்கிறான்.

இவர் இன்று கொல்லைவரை எழுந்து போனார். தோப்பைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து படுத்துக்கொண்டார்.

ஜனவரி 8, செவ்வாய்

இன்றைக்கு வட்ட அலுவலகத்தில் கூரைத் தகடு தருகிறார்கள் என்று ஊரே அங்கே போய்விட்டது. பிள்ளைகளையும் வரிசையில் இடம் பிடிக்கக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். பள்ளிக்கு வந்தது ஒன்பது பேர். அதற்குள் நான் சமைத்து இறக்கியாகிவிட்டது. கொண்டைக்கடலைச் சாதம், அண்டா நிறைய. ஊரில் நாய்கூட இல்லை கொடுப்பதற்கு.

மூன்று நடை நடந்தேன். பலகை போதாமல் தரையிலும் போட்டேன். எல்லாம் தின்றுவிட்டன. அவ்வளவு சோற்றையும்.

கொட்டியிருக்கலாம். கடற்கரை மணலில் குழி தோண்டிக் கொட்டியிருக்கலாம். இருபத்திரண்டு வருடத்தில் ஒரு நாளும் நான் சோற்றைக் கொட்டியதில்லை.

ஜனவரி 9, புதன்

தம்பி காலையில் வந்து வாசலில் நின்றான். உள்ளே வரவில்லை. "அஞ்சு" என்றான். "விடுதிக்குப் பின்னால, பக்கத்துப் பக்கத்துல. வாயில நுரை. விஷம் வெச்சுட்டானுங்கக்கா. கறிக்கு."

ரேஞ்சர் போலீசுக்குச் சொல்லிவிட்டாராம். அவன் எல்லையில் நடந்ததால் அவனைத்தான் முதலில் விசாரிக்கிறார்கள். சட்டைப் பித்தானை அவிழ்த்து அவிழ்த்து மாட்டிக்கொண்டே பேசினான். ஐந்தாவது வகுப்பில் பரீட்சைக்குப் போகும்போது இப்படித்தான் செய்வான். அம்மா போன பிறகு அவனுக்குத் தலைவாரி அனுப்பியது நான்.

"பயப்படாத" என்றேன்.

ஜனவரி 10, வியாழன்

இதை எழுத வேண்டும். எழுதாமல் விட்டால் நான் நானே இல்லை.

மத்தியானம் தூக்குவாளியோடு போனேன். விடுதிக்குப் பின்னால் கூட்டம். கால்நடை டாக்டரம்மா முழங்கை வரை உறை போட்டு ஒரு பெட்டையின் வயிற்றைக் கீறிக்கொண்டிருந்தார். ரேஞ்சர் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார். தம்பி மானின் காலைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

இரைப்பையைத் திறந்ததும் புளித்த வாடை அடித்தது. மாவரைத்து மறந்துபோன பாத்திரத்தின் வாடை. உள்ளே முழுக்கச் சோறு. நடுநடுவே முழுசு முழுசாகக் கருப்புக் கொண்டைக்கடலை.

"விஷமில்ல சார்" என்றார் டாக்டரம்மா. "அரிசி. இதுங்க வயித்துல அரிசி புளிச்சு அமிலமாயிடும். அதுதான் கொன்னுருக்கு. யாரோ இரக்கப்பட்டுப் போட்டுருக்காங்க."

தம்பி கடலையைப் பார்த்தான். செவ்வாய்க்கிழமை கொண்டைக்கடலை எங்கே வேகிறது என்று அவனுக்குத் தெரியாதா? அதே சோற்றை நான் அவனுக்குக் கொடுத்தேன், அதே அண்டாவிலிருந்து. மெதுவாகத் தலையைத் தூக்கினான். என் கையில் இருந்த தூக்குவாளியைப் பார்த்தான், என் முகத்தைப் பார்த்தான். நான் வாயைத் திறந்தேன்.

"நான்தாங்க போட்டேன்" என்றான் தம்பி.

"என்னய்யா சொல்ற?"

"அக்கா எனக்குக் கொண்டாந்து குடுக்கிற சோத்துல மிச்சத்த போட்டேன். பள்ளிக்கூடத்துல மீந்ததையும் வாங்கியாந்து போட்டேன். பாவமா இருந்துச்சுங்க. அக்காவுக்குத் தெரியாது."

அறிவு கெட்டவனே, பதினாலு வருஷம் காட்டில் இருந்து என்ன கற்றாய் என்று ரேஞ்சர் கத்தினார். சட்டையைக் கழற்றச் சொன்னார். அவன் கழற்றினான். பனியனோடு நின்றான். பனியனில் தோளில் ஓட்டை.

நான் திறந்த வாயை மூடிக்கொண்டேன். அங்கே நின்றேன், பார்த்தேன், மூடிக்கொண்டேன். இதுதான் நடந்தது.

ஜனவரி 11, வெள்ளி

தெரியும் எனக்கு. பொன்னரும்பு சொன்ன அன்றைக்கே தெரியும். கொம்பு ஒடிந்தது செத்த அன்றைக்கு நன்றாகத் தெரியும். இந்த டைரிக்குக்கூட நான் பொய் சொல்லியிருக்கிறேன். "இந்த வாரம் சாவு இல்லை" என்று எழுதினேனே, அந்த வாரம் தம்பி மேற்குப் பக்கம் போகவே இல்லை, கணக்கு எடுக்கவில்லை. அதையும் தெரிந்துதான் எழுதினேன்.

என்னைக் கண்டதும் அதுகள் ஓடி வந்தன. வீட்டில் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிற ஒருவருக்குத் தட்டு வைத்து வைத்து எடுத்தவளுக்கு அது போதுமாக இருந்தது.

ஜனவரி 14, திங்கள், போகி

தம்பி பொங்கல் சீர் கொண்டு வந்தான். நான் எதிர்பார்க்கவில்லை. இரண்டு கரும்பு, மஞ்சள் கொத்து, ஒரு படி பச்சரிசி, வெல்லம். வேலை போன நாலாவது நாள், வீட்டுக்கு ஓடு இல்லை, பிள்ளைகள் வரவில்லை. சீர் மட்டும் தவறவில்லை.

"எதுக்குடா சொன்ன?" என்றேன்.

"நீ சொல்லிருந்தா பள்ளிக்கூட வேலை போயிருக்கும். அத்தானுக்கு யாரு கஞ்சி ஊத்துறது? எனக்குக் கை கால் இருக்கு. திருப்பூர் போறேன், வியாழக்கெழம வண்டி."

"வேலு, நான் போய்ச் சொல்லிடறேன்."

"சொல்லாத." அதுவரை தாழ்ந்திருந்த குரல் சட்டென்று உயர்ந்தது. "அஞ்சு மான பொதைச்சேன்கா. பொதைக்கும்போது உன்னக் கொல்லணும்போல இருந்துச்சு. பதினாலு வருசம். சொல்லிருக்கக் கூடாதா என்கிட்ட? ஒரு வார்த்த?"

கரும்பைச் சுவரில் சாத்திவிட்டுப் போனான். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. இவர் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து அவன் போன வழியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜனவரி 15, செவ்வாய், பொங்கல்

பொங்கல் வைக்கவில்லை.

ஜனவரி 16, புதன், மாட்டுப் பொங்கல்

ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு கால்நடைத் துறை ஆள் தெருத்தெருவாகப் போகிறார். மாடுகளுக்குப் பொங்கல் சோறு வைக்காதீர்கள், அசைபோடும் பிராணிக்கு அரிசி ஆபத்து. வருடா வருடம் சொல்கிறார்கள். வருடா வருடம் கேட்டிருக்கிறேன்.

ரேஞ்சர் வீட்டுக்கே போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். பல்லைக் குத்திக்கொண்டே கேட்டார்.

"உங்க தம்பி கைப்பட எழுதிக் குடுத்துட்டாரு. ஃபைல் மேல போயாச்சு. இப்ப அக்கா வந்து நான்தான்னு சொன்னா, தம்பிய காப்பாத்த வந்திருக்கீங்கன்னுதான் நெனைப்பாங்க. சாட்சி யாராச்சும் இருக்காங்களா?"

பொன்னரும்பு பெயர் நாக்கு நுனிவரை வந்தது. வேலியோரம் ஆடு மேய்ப்பதற்கே அவள்மேல் ஒரு வழக்கு இருக்கிறது. இந்தாள் முன்னால் அவளை இழுத்துவிட எனக்கு என்ன உரிமை. "இல்லீங்க" என்றேன்.

"அப்ப போயிட்டு நாளைக்கு வாங்க. சத்துணவு அம்மாங்கதான் விருந்தாளிங்களுக்குப் பந்தி பரிமாறணும்."

ஜனவரி 17, வியாழன், காணும் பொங்கல்

பந்தி பரிமாறவில்லை.

பூங்காவில் நல்ல கூட்டம். ஒடிந்த வளைவை நிமிர்த்திப் புதுச் சாயம் அடித்திருந்தார்கள். மரம் இல்லாத இடத்தில் வண்ணக் காகிதம் கட்டியிருந்தார்கள். குடும்பம் குடும்பமாகப் புளிசாதப் பொட்டலத்தோடு வந்து, நிழல் இல்லாமல் குடை பிடித்து உட்கார்ந்திருந்தார்கள். மாவட்ட வன அலுவலர் அம்மா நாற்காலியில் இருந்தார், முப்பத்தைந்து வயதுகூட இருக்காது. கால்நடை டாக்டரம்மா பக்கத்தில். ரேஞ்சர் ஒலிபெருக்கியில் மீட்பு, மறுவாழ்வு என்று பேசிக்கொண்டிருந்தார்.

சாட்சி இல்லை என்று நான் சொன்னது பொய். முப்பத்தொரு சாட்சி இருக்கிறது. என் நடை தெரியும் அதுகளுக்கு.

நேரே மேடைக்கு முன்னால் போய் அலுவலர் அம்மாவைக் கும்பிட்டேன். "அம்மா, அந்த அஞ்சு மானும் அதுக்கு முன்னாடி செத்ததும் என்னால. சிங்காரவேலு ஒண்ணும் பண்ணல. நம்பலன்னா இங்கிருந்தே பாருங்க" என்றேன். ரேஞ்சர் பேச்சை நிறுத்திவிட்டு யாரையோ கூப்பிட்டார். அவர்கள் வருவதற்குள் கயிற்றைத் தாண்டி வெட்டவெளிக்குள் நடந்தேன். வெறும் கை. ஊதாச் சேலை.

இத்தனை சத்தத்துக்கு அதுகள் வெளியே வரும் நேரமே இல்லை. காலையிலிருந்து ஒரு மானைக்கூட யாரும் பார்க்கவில்லை. வரக் கூடாது, வந்துவிட வேண்டும் என்று இரண்டையும் வேண்டிக்கொண்டேன். நடுவெளியில் நின்றேன். காய்ந்த புதரில் ஒரு தலை. இன்னொன்று. பிறகு ஓடியே வந்தன. ஒன்பது. ஒன்பது நாளாக நான் போகவில்லை. என் கையை மோந்தன, சேலையைக் கடித்தன, ஒரு பெட்டை என் இடுப்பை முட்டியது. பின்னால் கூட்டம் கைதட்டியது. எல்லாரும் செல்போனைத் தூக்கிப் படம் பிடித்தார்கள். பாருடி, அந்த அம்மாகிட்ட எப்படி வருது பாரு என்று ஒரு பெண் கத்தினாள்.

அலுவலர் அம்மா கயிறுவரை வந்து நின்றார். அவர் கைதட்டவில்லை. என்னைப் பார்த்தார், ரேஞ்சரைப் பார்த்தார். "அந்த வாட்சர் எங்கே?" என்றார்.

"திருப்பூர் வண்டிக்குப் போயிட்டாருங்க" என்றார் ரேஞ்சர்.

"நிறுத்தச் சொல்லுங்க. இந்தம்மா வாக்குமூலத்த எழுதுங்க." பிறகு என்னிடம், "உங்க மேல கேஸ் வரும். வேலையும் இருக்காது. தெரியும்ல?"

"தெரியும்மா."

டாக்டரம்மா என்னிடம் வந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். மெதுவாகத்தான் பேசினார். "இதுங்க இனி எந்த மனுஷனையும் நம்பக் கூடாதும்மா. இன்னிக்கு இங்க ஆயிரம் பேர் சோத்துப் பொட்டலத்தோட இருக்காங்க. நாங்க தொரத்துனா ஓடிட்டுத் திரும்பி வரும். நீங்க தொரத்துனாத்தான் போகும்."

எனக்குப் புரியவில்லை. பிறகு புரிந்தது. குனிந்து கையில் அடங்குகிற மாதிரி கல் பொறுக்கினேன். அதட்டினேன். தள்ளினேன். போகவில்லை. நான் குனிந்ததும் சோறு போடத்தான் குனிகிறேன் என்று இன்னும் நெருங்கி வந்தன.

முந்தியைக் கடித்து இழுக்குமே, அந்தக் குட்டி என் எதிரிலேயே நின்றது. அதன் காலடியில் எறிந்தேன். கல் விழுந்த இடத்துக்குத் தலையைத் தாழ்த்திக்கொண்டு போய் மோந்து பார்த்தது. நாக்கை நீட்டி ஒரு தரம் நக்கியது. நிமிர்ந்து என்னைப் பார்த்தது.

இரண்டாவது கல்லை அதன்மேலேயே எறிந்தேன்.